வறுமைக்கு நிறமில்லையா?

2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் ட்ரேசி சாப்மனும் லூக் கோம்ப்ஸும் சேர்ந்து ‘ஃபாஸ்ட் கார்’ பாடிய காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1988இல் ஒரு கறுப்பினப் பெண் எழுதிப் பாடிய பாடல் அது. 2023இல் வெள்ளையரான கோம்ப்ஸ் அதை மறுபடி பாடியபோது கன்ட்ரி இசையின் வானொலிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருதும் சாப்மனுக்கு வந்தது. 1967 முதல் வழங்கப்படும் அந்தச் சங்கத்தின் விருதுகளில், இந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் படைப்பாளி அவர்தான்.

அதையொட்டி எழுந்த பாராட்டுகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வந்தது: இது எல்லோருக்கும் பொதுவான கதை, வலிக்கு நிறமில்லை. இந்தப் ‘பொது’ எப்படி உருவாகிறது என்பதுதான் கேள்வி.

கோம்ப்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடையில் கல்லாவில் நிற்கும் பெண்ணின் வரிகளை மாற்றாமல் மரியாதையோடுதான் பாடினார். குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டவள், காதலனின் காரில் ஊரைத் தாண்டிவிடலாம் என்று நம்புகிறாள்; கடைசியில் அவனும் குடியில் விழுகிறான். அந்தப் பாட்டில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது உண்மைதான்.

ஆனால், ‘ட்ரேசி சாப்மன்’ என்ற அந்த முதல் ஆல்பத்தில் மொத்தம் 11 பாடல்கள். மென்மையான கிதார், நிதானமான குரல், ஒவ்வொன்றிலும் ஒரு கதை. ‘ஃபாஸ்ட் கார்’ இரண்டாவது. மூன்றாவதான ‘அக்ராஸ் தி லைன்ஸ்’ வெள்ளையரையும் கறுப்பரையும் பிரிக்கும் ரயில் பாதையையும், அங்கே மூளும் கலவரத்தையும் சொல்கிறது. தாக்கப்படுவது ஒரு கறுப்பினச் சிறுமி. அவள் பெயர் யாருக்கும் தெரியாது. பழி மட்டும் அவள் மீது விழுகிறது. நான்காவது ‘பிஹைண்ட் தி வால்’. கருவிகள் ஏதுமில்லை, வெறும் குரல். பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிவாங்கும் சத்தம் கேட்கிறது. போலீஸ் தாமதமாக வருகிறது, வந்தாலும் குடும்ப விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறது.

கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதை அடுத்த பாட்டே சொல்லிவிடுகிறது. மேடைக்கு வந்தது கார் மட்டும்தான். கோட்டைப் பற்றிய பாட்டுக்கு அந்த வரவேற்பு இல்லை.

இந்தப் பொதுமையாக்கம் நமக்குப் புதிதல்ல. “வறுமைக்கு ஏது சாதி?” என்று இங்கே கேட்கப்படுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கேள்வி 2019இல் 103ஆவது அரசியலமைப்புத் திருத்தமாகி, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு என்று வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஏழைகளுக்கு அதில் இடமில்லை. வறுமைக்குச் சாதியில்லை என்று சொல்லிக்கொண்டே சாதி பார்த்து ஏழையைப் பொறுக்கிய சட்டம் அது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் 3–2 என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றுக்கொண்டது.

ஒடுக்கப்பட்டவரின் கதை எல்லோரையும் தொடுவது நல்லதுதான். தொடுவதற்கு விலையாக அந்தக் கதையிலிருந்து ஒடுக்குமுறையைக் கழித்துவிடச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

முழு ஆல்பமும் 40 நிமிடத்துக்கும் குறைவுதான். அடுத்த முறை ‘ஃபாஸ்ட் கார்’ முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள் தோழர்களே. மூன்றாவது பாட்டையும் கேளுங்கள்.