ஐந்தாவது ஆள்



கிள்ளானில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கும் ஒரு தாய் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள். தோட்டத்தில் இருந்த காலத்தில் அந்த வீட்டில் இரண்டு மாடுகள் நின்றன. லயத்துக்குப் பின்னால் கத்தரியும் வெண்டையும் காய்த்தன. தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது மாடும் போயிற்று, கொல்லையும் போயிற்று. நாலாவது மாடியில் மாடு கட்ட முடியுமா? இப்போது தோசை மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறார்.

"டீச்சர், இந்தச் சின்ன கிரைண்டரை வச்சிக்கிட்டு முடியல. பெருசா ஒண்ணு வாங்கணும். பொம்பளைங்களுக்குக் கடன் தர்றாங்களாம். அஞ்சு பேரா சேரணுமாம். நாலு பேரு சேந்துட்டோம். அஞ்சாவது ஆள்தான் இடிக்குது" என்றார்.

கடன் என்றதும் எனக்குப் பகீரென்றது. காரணம், அவர் முன்பே சூடு கண்டவர். விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் செய்து ஆலோங்கிடம் ஆயிரம் வெள்ளி வாங்கினார். கைக்கு வந்தது எண்ணூறுதான். வாரா வாரம் வட்டி கட்டியும் முதல் அசையவே இல்லை. கடைசியில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போன பிறகே கதவைத் தட்டுவது நின்றது.

ஆனால் இவர் சொன்ன கடன் வேறு வகை. 1976இல் வங்காளதேசத்தில் ஜோப்ரா என்ற கிராமத்தில் மூங்கில் முக்காலி பின்னும் பெண்கள் வட்டிக்காரர்களிடம் சிக்கிக் கிடப்பதைப் பேராசிரியர் முகமது யூனுஸ் கண்டார். 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது வெறும் 856 டாக்கா. அதைத் தம் கையிலிருந்தே கொடுத்தார். 1983இல் அது கிராமின் வங்கியாயிற்று. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

அந்த முறையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான டேவிட் கிப்பன்ஸும் சுக்கோர் காசிமும். 1986இல் நம் சிலாங்கூரின் வடமேற்குக் கிராமங்களில்தான் முதல் சோதனை நடந்தது. மறு ஆண்டு அது அமானா இக்தியார் மலேசியா என்ற அறநிதியமாகப் பதிவாயிற்று. ஈடு வேண்டாம், ஜாமீன்தாரர் வேண்டாம். ஐந்து பெண்கள் ஒரு குழு, வாரந்தோறும் கூட்டம், சிறு சிறு தவணை. நெடுங்காலம் நம் பெண்கள் அதில் அதிகம் சேரவில்லை. 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற திட்டத்தை அரசு அறிவித்து, அமானா இக்தியார் வழி 5 கோடி வெள்ளி ஒதுக்கியது.

சிறு காசு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குப் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் பெயர் தந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டித்தான் பங்குதாரரானார். அப்படித்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர்களுக்குச் சொந்தமாயிற்று. அது சேமித்த பணம். இது கடன் வாங்கும் பணம். இந்த வேற்றுமையை மறந்துவிடக் கூடாது.

ஆகவே கணக்குப் போடுவோம். வாத்தியார் வேலை விடுமா? ஓர் உதாரணம்: ஆயிரம் வெள்ளிக் கடன், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கட்டணம் என்றால் மொத்தம் 1,100. ஐம்பது வாரத்தில் கட்டினால் வாரம் 22 வெள்ளி. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் பாதி ஆண்டில் முதலில் பாதியை நாம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். கட்டணமோ முழு ஆயிரத்துக்கும். எனவே உண்மையான வட்டி இருபதை ஒட்டி வரும். ஆலோங்கோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்தான். அதற்காக இனாம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரமே தவணை கேட்கும் கடனுக்கு முதல் வாரமே காசு கொண்டுவரும் தொழில் வேண்டும். மாவு விற்றால் மாலையில் காசு. மகள் சடங்குக்குப் பந்தல் போட்டால்?

2010இல் ஆந்திராவில் நடந்தது நினைவிருக்கலாம். வேறு எங்கே கடன் இருக்கிறதென்று கேளாமல் ஒரே பெண்ணுக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கொடுத்தன. ஒன்றைக் கட்ட மற்றொன்றை வாங்கினார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இனி அந்த ஐந்தாவது ஆள். அதே மாடியில் குடியிருப்பவர். ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரி. கணவருக்கோ நாலு நம்பர் பைத்தியம். வீட்டில் பத்து வெள்ளி தங்காது. கிராமினின் ஆரம்பகால முறையில் முதலில் இருவருக்குத்தான் கடன். அவர்கள் ஒழுங்காகக் கட்டினால்தான் அடுத்தவருக்கு. ஒருத்தி தவறினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல். அதனால் மற்ற மூவரும் அவளைச் சேர்க்கக் கூடாது என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஐவரில் கடன் மிக அவசியமானவள் அவள்தானே?

"பணத்தைக் கையில் கொடுக்க விடாதீர்கள். ஐந்து பேரும் கடைக்குப் போய்த் தையல் மெஷினாகவே வாங்கி வாருங்கள்" என்றேன்.

"அந்த ஆளு மெஷினை வித்துட்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சாமான் வாங்கும்போது அந்த அம்மாவே எதிரில் வந்தார். உளுந்து மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அவளையே சேத்துக்கிட்டோம் டீச்சர். மெஷினை என் வீட்டு ஹால்ல போட்டுக்கச் சொல்லிட்டேன். கிரைண்டர் சத்தத்தோட அதுவும் ஓடட்டும்."