கோழிப் பண்ணைக்காரர்கள் வாங்கிய கால்பந்துக் கோஷ்டி

இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர். துணி ஆலைகளுக்குப் பேர்போன லங்காஷயர் வட்டாரத்தில் இருக்கிறது. 1931-ல் காந்தியடிகள் ஆலைத் தொழிலாளர்களைச் சந்திக்கப் போனாரே டார்வென், அது இதற்குப் பக்கத்து ஊர்தான்.

இந்த ஊர்க் கால்பந்துக் கோஷ்டியின் பெயர் "பிளாக்பர்ன் ரோவர்ஸ்". 1875-ல் தொடங்கியது. 1888-ல் இங்கிலாந்தில் கால்பந்து லீக் உண்டானபோது அதில் சேர்ந்த 12 கோஷ்டிகளில் இதுவும் ஒன்று. ஊரின் ஜனத்தொகை 1 லட்சத்துக்குச் சற்று அதிகம். மைதானத்திலோ 31 ஆயிரம் பேர் உட்காரலாம்! அவ்வளவு பைத்தியம் அவர்களுக்கு.

1995-ல் இந்தச் சின்ன ஊர் இங்கிலாந்தின் சாம்பியன் பட்டத்தையே தட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பணத்தை வாரி இறைத்தவர் ஜாக் வாக்கர். உள்ளூர்க்காரர், உருக்கு வியாபாரத்தில் சம்பாதித்தவர். 2000-ல் அவர் காலமானார்.

புது முதலாளிகள்

2010 நவம்பரில் இந்தக் கோஷ்டியை விலைக்கு வாங்கியவர்கள் யார் தெரியுமா? நம் நாட்டவர்கள்! புனாவில் கோழிப் பண்ணைத் தொழில் நடத்தும் "வெங்கிஸ்" கம்பெனியார். விலை 2 கோடியே 30 லட்சம் பவுன்.

அப்போது சாம் அலர்டைஸ் என்பவர் கோஷ்டியை நடத்தி வந்தார். 2008 டிசம்பரில் அவர் வந்தபோது கோஷ்டி 19-வது இடத்தில் தத்தளித்தது. அவர்தான் கரை சேர்த்தார். அடுத்த ஆண்டு 10-வது இடத்துக்கே கொண்டு போனார். ஓட்டை வீட்டிலும் குடித்தனம் நடத்தத் தெரிந்தவர்.

புது முதலாளிகள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்!

அன்று கோஷ்டி 13-வது இடத்தில் இருந்தது. மொத்தம் 20 கோஷ்டிகள். கடைசி 3 கோஷ்டிகள்தான் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும். ஆகவே ஆபத்து ஒன்றும் வந்துவிடவில்லை.

அவருடைய இடத்தில் ஸ்டீவ் கீன் என்பவரை உட்கார வைத்தார்கள். அவர் உதவிப் பயிற்சியாளர். அதுவரை எந்தக் கோஷ்டிக்கும் தலைமைப் பொறுப்பு ஏற்றதில்லை. கோழி வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள், தெரியாத தொழிலில் இறங்கியபோது தெரிந்தவரை விரட்டிவிட்டுப் புதியவரைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாத் தவறுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

சில மாதங்களில் பழம் தின்று கொட்டை போட்ட நிர்வாகிகளும் போய்விட்டார்கள். பிரேசில் நாட்டு ரொனால்டினோவை வாங்கப் போவதாக ஒரே பேச்சு! அவர் தம் நாட்டுக்கே போய்விட்டார். கையில் இருந்த நல்ல தடுப்பாட்டக்காரர்களில் பில் ஜோன்ஸ் 2011-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். 2012 பிப்ரவரியில் சம்பா ரஷ்யாவுக்குப் போனார். ஓட்டையை அடைக்க வேண்டிய நேரத்தில் சுவரையே விற்றுவிட்டார்கள்.

இதற்கிடையில் ஆட்டக்காரர்களைக் கோழிக் கறி சாப்பிட வைத்து ஒரு விளம்பரப் படமும் எடுத்தார்கள். ஊரே சிரித்தது.

மைதானத்தில் கோழி

2012 மே 7. சொந்த மைதானத்தில் விகன் கோஷ்டியுடன் ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுதான். யாரோ ஒரு ரசிகர், ரோவர்ஸ் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார்! பாவம், அந்தக் கோழி என்ன செய்யும்?

ஒரு கோல் வித்தியாசத்தில் தோல்வி. அந்த ஆண்டு ஆடிய 38 ஆட்டங்களில் வென்றவை 8 மட்டுமே.

கீனைச் செப்டம்பர் வரை வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரே ஓட்டம்! 1995-ல் பட்டம் வென்ற ஆட்டக்காரர்களில் ஒருவரான ஹென்னிங் பெர்க் வந்தார். 10 ஆட்டங்களில் ஒரே வெற்றி. 57 நாளில் நீக்கம். அடுத்து ஆப்பிள்டன் வந்தார். அவர் இருந்தது 67 நாள்.

பெர்க் சும்மா போகவில்லை. வழக்குப் போட்டார். "அந்த ஒப்பந்தம் செய்ய எங்கள் நிர்வாகிக்கே அதிகாரம் கிடையாது" என்ற வாதத்தைக் கிளப் கிளப்பியது. தன் வீட்டில் யாருக்கு என்ன அதிகாரம் என்று தனக்கே தெரியாத கிளப்! 2013-ல் நீதிமன்றம் பெர்க் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு 22 லட்சத்து 50 ஆயிரம் பவுன். 57 நாள் வேலைக்கு!

முதலாளிகள் பணம் போடவில்லை என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் விழுந்த நஷ்டத்தை அவர்கள்தான் தாங்கினார்கள். பணம் இல்லாமல் கெட்ட கோஷ்டிகள் உண்டு. இது பணம் இருந்தும் கெட்டது.

2017 மே 7. சரியாக 5 ஆண்டு. அன்று கடைசி ஆட்டத்தில் வென்றும், மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஒரு கோஷ்டி அவ்வளவு தாழ்ந்து போனது அதுவே முதல் தடவை.

அப்போது பொறுப்பில் இருந்தவர் டோனி மோப்ரே. வந்து 3 மாதம்கூட ஆகாதவர். பழைய வழக்கப்படி அவரையும் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அடுத்த ஆண்டே, 2018-ல், கோஷ்டி இரண்டாம் பிரிவுக்கு ஏறி வந்தது. மோப்ரே 2022 வரை அங்கேயே இருந்தார். முதலாளிகள் அதே வெங்கிஸ்காரர்கள்தான்.