பிச்சையல்ல, உரிமை!



மலக்குழியில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி மாண்டான் என்ற செய்தி இன்றும் ஏடுகளில் வருகிறது. அடுத்து இரங்கல் அறிக்கை. அதற்கடுத்து, கருணை உள்ளங்கொண்டோர் அரிசியும் வேட்டியும் எடுத்து வருவர். விதவையின் கண்ணீர் காயுமுன் இன்னொரு குழியின் மூடி திறக்கப்படும். இதற்குப் பெயர்தானா தொண்டு?

அல்லவென்று காட்டியவர் பெசவாடா வில்சன். கோலார் தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் 1966-இல் பிறந்தவர். தமிழகத்து ஏழைகள் ஆயிரமாயிரம் பேர் சென்று பூமியைக் குடைந்து பொன்னெடுத்த ஊர் அது! பொன் விளைந்த அதே ஊரில் எடுப்புக் கக்கூசும் இருந்தது. மனிதன் மலத்தை மனிதன் அள்ளினான்.

வில்சன் கேட்டது புதுக் கூடையல்ல. அந்த வேலையே ஒழிய வேண்டும் என்பது. எடுப்புக் கக்கூசைத் தடைசெய்து 1993-இல் சட்டம் வந்தது. வந்து, ஏட்டிலே உறங்கிற்று. அதைத் தட்டியெழுப்ப எழுந்ததுதான் சஃபாய் கர்மச்சாரி அந்தோலன். ஆட்சிப்பணி அதிகாரியாயிருந்த எஸ்.ஆர்.சங்கரன் அதில் அவருக்குத் தோள் கொடுத்தார். ஊர் ஊராகக் கணக்கெடுத்தனர். 2003-இல் உச்சநீதிமன்றம் ஏறினர். 2013-இல் புதுச் சட்டம் பிறந்தது. பாதுகாப்பின்றி ஆளைச் சாக்கடையில் இறக்குவதும் குற்றமாயிற்று. 2014 மார்ச்சில் தீர்ப்பு: 1993 முதல் சாக்கடையில் மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய். 2023 அக்டோபரில் அது 30 லட்சமாயிற்று. இதனிடையே 2016-இல் வில்சனை மகசாசே விருது தேடி வந்தது.

பசித்தவனுக்குச் சோறு வேண்டாமா என்று கேட்பர் சிலர். வேண்டும், இன்றே வேண்டும்! ஆனால், சோறிட்டவன் முன் கைகட்டி நிற்க வேண்டியதிருக்கிறதே, அதுதான் பிச்சை. தீர்ப்பைக் கையில் ஏந்தி, "எங்கே என் பணம்?" என்று அதிகாரியைக் கேட்கிறாளே அந்த விதவை, அது உரிமை. முன்னது கொடுப்பவனை உயர்த்துகிறது. பின்னது கேட்பவளை நிமிர்த்துகிறது.

தொண்டாற்றப் புறப்படும் இளைஞனே! இரக்கம் மட்டும் போதாது. சட்டம் படி. கணக்கெடு. பாதிக்கப்பட்டவனுக்காக நீ பேசுவதை விட, அவன் பேச நீ துணை நில்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் மலக்குழி எவரையாவது விழுங்கியிருக்கலாம். அந்த வீட்டுக்குச் செல்லுங்கள். வழக்குப் பதிவாயிற்றா? இறக்கிய காண்ட்ராக்டர் பிடிபட்டானா? தொகை வந்ததா? இம்மூன்றையும் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.

மாலையும் மௌன அஞ்சலியும் பிறகு. முதலில் மாண்டவனின் உரிமைக்கு வழி பிறக்கட்டும்!