தரங்கம்பாடிக்குப் புறப்படுமுன்



இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபின் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டியதை யோசுவாவின் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தக் கற்கள் அழகுக்காக நிறுத்தப்பட்டவை அல்ல. பின்வரும் நாள்களில் பிள்ளைகள் அவற்றைச் சுட்டிக்காட்டித் தகப்பன்மாரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள் என்றும், தகப்பன்மாரிடம் அதற்கு விடை இருக்கவேண்டும் என்றும் யோசுவா எதிர்பார்த்தான். விடை தெரியாத வீட்டில் நினைவுக்கல் வெறுங்கல்லாகிவிடும்.

கோடை விடுமுறை நெருங்குகிறது. நம் கொங்குப் பகுதித் திருச்சபைகளில் சுற்றுலாப் பேருந்துகளுக்கு முன்பணம் கட்டும் காலம் இது. வாலிபர் ஐக்கியமும் பெண்கள் ஐக்கியமும் வரைந்து கொண்டுவரும் பயண நிரல்களில் தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே தரங்கம்பாடியின் பெயர் தவறாமல் இருக்கும். அதற்கு எதிரே எழுதப்பட்டிருக்கும் நேரம் முக்கால் மணி. கோட்டை முன்பாக ஒரு குழுப்படம், ஆலயத்தில் ஒரு பாமாலை, கடற்கரையில் சுண்டல், மீண்டும் பேருந்து. இதை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. போவதானால் ஒரு முழுப்பகலை அந்த ஊருக்குக் கொடுங்கள். இயலாதென்றால் நிரலிலிருந்து அதன் பெயரை எடுத்துவிடுங்கள்.

நம்மில் வசதியுள்ள சிலர் இப்போதெல்லாம் ஐரோப்பாவுக்கும் சென்றுவருகிறார்கள். ஆதிரியாக் கடலோரத்துப் பழைய மதில்சூழ் ஊர்களின் படங்கள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. அப்போஸ்தலனாகிய பவுல் அந்தக் கடலில் பதினான்கு நாள் புயலில் அலைந்தான் என்பது நினைவுக்கு வருமானால் அதுவும் நன்றே. ஆனால் மதில் வாசலும், நேராகக் கடலுக்குச் செல்லும் வீதியும், அலையோரக் கோட்டையும் கொண்ட ஊர் ஒன்று நமக்கும் இருக்கிறது. காலையில் கோவையிலிருந்து புறப்படும் ஜனசதாப்தி நம்மை மயிலாடுதுறையில் இறக்கிவிடும். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவே.

அந்த ஊரைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்? நம்மிடம் பெரும்பாலும் இருப்பது ஒரே விடை: இந்தியாவின் முதல் அச்சுக்கூடம், முதல் சீர்திருத்தச் சபை ஆலயம். வழிகாட்டிகளும் இதையே சொல்கிறார்கள். நம் சபைப் பிரசங்கங்களிலும் இது ஒலிக்கிறது. ஆனால் கோவாவில் 1556இலேயே அச்சு இயந்திரம் இயங்கியது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஏன், தரங்கம்பாடிக்குள்ளேயே டேனியருக்கான சீயோன் ஆலயம் 1701இல் எழும்பிவிட்டது. முதன்மைப் பட்டம் தேடி அங்கே போகிறவர் பாதி உண்மையோடு திரும்புவார்.

அந்த ஊரிடம் உள்ளது வேறு. ஒரு தமிழ்ச் சபை எப்படித் தொடங்கியது என்பதன் முழுக் கணக்கு, வரவும் செலவுமாக, அங்கே திறந்து கிடக்கிறது.

சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பழைய பெயர்கள் கொண்ட ஊர் அது. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 1306ஆம் ஆண்டைச் சேர்ந்தது; மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் பெரும்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டது. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் உடன்படிக்கை செய்து டேனியர் டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினார்கள். வந்தது மிளகுக்காக. நற்செய்திக்காக வந்தவர்கள் கரையிறங்க எண்பத்தாறு ஆண்டுகள் ஆயின. 1706 ஜூலை 9 அன்று, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானிய இளைஞர் இருவர், பர்த்தலோமேயு சீகன்பால்குவும் என்றி புளுட்சோவும், அங்கே வந்துசேர்ந்தார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்து நான்கு வயதளவு.

ஊர் வாசலில் நுழைந்து அரசர் வீதி வழியே நடந்தால் புதிய எருசலேம் ஆலயமும் சீயோன் ஆலயமும் கடந்து கடலை எட்டிவிடலாம். கால் மணி நேர நடை. ஆனால் கோட்டையையும் ஆலயத்தையும் ஒரே கையின் இரு விரல்களாகக் கண்டுவிட்டுத் திரும்புவதுதான் நம்மவர் வழக்கம். அங்கேதான் நின்று யோசிக்கவேண்டும். 1708இன் பிற்பகுதியில் சீகன்பால்குவைச் சிறையிட்டவர் யார்? அரண்மனை வைதீகர் எவரும் அல்லர்; அயலூர் மன்னரும் அல்லர். ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவராகிய கோட்டைத் தளபதி ஹாசியஸ். காரணமும் கவனிக்கத்தக்கது. கடன் வழக்கொன்றில், கம்பெனியின் மொழிபெயர்ப்பாளருக்கு எதிராக, ஒரு நாவிதரின் விதவைக்காக அந்த இளைஞர் பரிந்து பேசினார். அதன் விளைவாக ஏறத்தாழ நான்கு மாதம் அந்தக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார்.

ஆகவே கோட்டைக்குள் போகும்போது பிள்ளைகளிடம் பீரங்கியை மட்டும் காட்டாதீர்கள். விதவையின் வழக்கைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1707 மே 12 அன்று அவர்கள் கையால் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவர், அவ்வூர் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தவர்கள். எசமானரும் கிறிஸ்தவர், அடிமையும் கிறிஸ்தவர். எசமானர்களுக்கு இந்த ஊழியம் ஏன் கசந்தது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பவுல் பிலேமோனுக்கு எழுதிய சிறு நிருபத்தை அன்று அவ்வூரில் எத்தனை பேர் மனமுவந்து கேட்டிருப்பார்கள்?

இனி, நான் மிகவும் நேசிக்கும் பகுதிக்கு வருகிறேன். சீகன்பால்கு பேசத் தொடங்குமுன் கற்கத் தொடங்கினார். ஏறத்தாழ எழுபது வயதான தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தம் பள்ளிப் பிள்ளைகளோடு தங்கள் வீட்டிற்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், 1708க்குள், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி அட்டவணையிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அயலார் வணங்கும் தெய்வங்களைப் பற்றி அவர்களிடமே கேட்டு 1713இல் ஒரு பெருநூல் எழுதினார். அவரை உருவாக்கிய ஹாலே நகரத்துப் பக்தரான பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதைப் பற்றி நூல் எழுதி ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவருடைய எண்ணம். அந்நூல் சென்னையில் அச்சேறியது 1867இல். ஆசிரியர் இறந்து அப்போது நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாசகரே, பக்கத்து வீட்டார் எதை நம்புகிறார்கள், ஏன் நோன்பிருக்கிறார்கள், எந்தப் பாட்டைப் பாடி அழுகிறார்கள் என்று அறியாமலேயே அவர்களைக் குறித்துத் தீர்ப்பெழுதும் பழக்கம் நம் மேடைகளில் பெருகிவருகிறது. பேரூரையும் மருதமலையையும் அன்றாடம் கடந்துபோகிற நமக்கு அவற்றைப் பற்றி எவ்வளவு தெரியும்? சீகன்பால்கு அறிந்துகொண்டார்; கேட்டார்; எழுதினார். சில இடங்களில் கடிந்தும் எழுதினார், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் தெரிந்துகொண்டபின் கடிந்தார். அத்தகைய செவியிலிருந்துதான் தமிழ்ப் புதிய ஏற்பாடு பிறந்தது. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்துசேர, 1714இல் தொடங்கிய அச்சுவேலை 1715இல் நிறைவெய்தியது. பழைய ஏற்பாட்டை ரூத் வரை பெயர்த்திருந்தார். 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறாம் வயதில், கண்மூடினார். நான்கு மாதத்திற்கு முன்புதான் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாகியிருந்தது. அதற்குள்ளேயே அவர் உடல் கிடக்கிறது. நம் கோவையில் லண்டன் மிஷனின் ஆடிஸ் ஊழியந் தொடங்கிய 1830இல் அந்தத் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்கு நூற்றுப் பதினைந்து வயது. நாம் வாசிக்கும் வேதத்தின் வேர் அந்த மணலில் இருக்கிறது.

இதுவரை சொன்னதை எந்தச் சபையிலும் மகிழ்ச்சியோடு கேட்பார்கள். இனிச் சொல்வது கசக்கும்; ஆயினும் முழுக் கணக்கு என்று சொல்லிவிட்டேன்.

தஞ்சை அரசின் படையில் சேவகராயிருந்த இராஜநாயக்கன் என்பவர் கையில், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வாசித்தார், மனம் பற்றிக்கொண்டது, தேடிவந்து சேர்ந்தார். தரங்கம்பாடி மிஷனெரிகள் எளிதில் நுழையமுடியாத தஞ்சைச் சீமையில் உபதேசியாராக நின்று சபைகளை வளர்த்தார். 1733இல், முதல் தமிழ்க் குருவாக ஒருவரை அபிஷேகம் செய்யவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று அபிஷேகம் பெற்றவர் கடலூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆரோன். ஆரோன் ஐயர் நல்ல ஊழியர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இராஜநாயக்கன் ஏன் விடப்பட்டார்? தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் அவர். அவர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்று மிஷனெரிகள் கணக்கிட்டார்கள். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

சிலுவை வடிவில் கட்டப்பட்ட அந்த ஆலயத்துக்குள்ளும் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தார்கள். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் எளியவனுக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். அந்த நிருபத்தைத் தமிழில் அச்சிட்ட ஊரிலேயே இது நடந்தது. விதவைக்காகச் சிறை சென்றவரின் வழிவந்தவர்கள், சாதியின் முன் கணக்குப் பார்த்தார்கள். ஆலயத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பது முகப்பிலுள்ள மன்னரின் முடிச்சின்னத்தை. நான் தரையைப் பார்க்கச் சொல்கிறேன்.

"ஐயா, இதெல்லாம் பழங்கதை, பிள்ளைகளுக்கு ஏன்?" என்று கேட்பீர்கள். பழங்கதையாயிருந்தால் நானும் விட்டிருப்பேன். நம் சபை இதழ்களின் கடைசிப் பக்கத்தில் வரும் மணமகள் தேவை விளம்பரங்களைப் புரட்டுங்கள். 'இரட்சிக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வருகிறது? வரன் விவரத்தாளை என் மேசையில் வைத்து ஜெபிக்கச் சொல்கிற பெற்றோர் பலர், ஒரு வரியை மட்டும் விரலால் மறைத்துக்கொள்கிறார்கள். கொங்கு நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நாம் கண்டித்தோம், சரிதான். திருவிருந்துக் கிண்ணம் ஒன்றாயிருந்தும் பந்தியில் நாம் யாரோடு உட்காருகிறோம் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. தரங்கம்பாடியின் பெருமையை நம்முடையதென்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதன் கடனையும் ஏற்கவேண்டும் என்பது என் துணிபு.

அந்த ஊர் இழப்பையும் அறிந்தது. 1845இல் டேனியர் அதைச் சேரம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்; வணிகம் நாகப்பட்டினத்துக்குப் போனது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை அங்கிருந்த மீனவக் குடும்பங்கள் பலவற்றைச் சிதைத்தது. கோட்டைக்குப் பக்கத்திலேயே அவர்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் படத்தின் பின்னணியாக்காமல், வணக்கம் சொல்லிப் பேசுங்கள். மீன் வாங்கினால் பேரம் பேசாதீர்கள்.

முழுப்பகல் எதற்கு என்று இப்போது விளங்கியிருக்கும். காலையில் சீகன்பால்கு வாழ்ந்த இல்லத்தின் அருங்காட்சியகம், பின்பு ஆலயம், நண்பகல் உணவுக்குப்பின் கோட்டை, மாலையில் மாசிலாமணிநாதர் கோயில் வரை கடலோர நடை. ஆலயத்தில் பாமாலை பாடி முடித்தபின் ஐந்து நிமிடம் மௌனமாயிருங்கள். பிள்ளைகள் ஏதேனும் கேட்பார்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு பயண நிரலோடு பேருந்து இருக்கைப் பட்டியலையும் தங்கும் அறைப் பட்டியலையும் என்னிடம் கொண்டுவாருங்கள். உறவினர் உறவினரோடு என்று எழுதிவைத்த பட்டியல் வேண்டாம். குலுக்கல் சீட்டு எடுப்போம். ஒரு பந்தியில் உண்பதற்கு யாருக்கேனும் மறுப்பிருந்தால், முன்பணம் கட்டுமுன் என்னை வந்து பாருங்கள். அவசரமில்லாமல் பேசலாம்.