யாருடைய பாதத்தில் சோதித்தீர்கள்?

பள்ளுருத்தியில் மலை இல்லை. தோப்பும்படியிலிருந்து இடக்கொச்சி வரை ஓடினாலும், கும்பளங்கிப் பக்கம் திரும்பிப் பொக்காளி வயல்களின் வரப்பில் ஓடினாலும், கால் சந்திக்கும் மிகப்பெரிய ஏற்றம் ஏதாவதொரு பாலத்தின் ஏற்றமாகத்தான் இருக்கும். இந்தச் சமதளத்தில் ஆறு வாரம் ஓடிவிட்டு, மலைத்தடங்களில் 50, 100 கி.மீ. ஓடுவதற்கென விற்கப்படும் புதிய மெத்தைக் காலணி ஒன்றைச் 'சோதித்துவிட்டேன்' என்று சென்ற ஆண்டு எழுதியவன் நான். ஆகவே இப்பதிவில் குற்றஞ்சாட்டப்படுவோரில் முதல்வன் நானே.

அந்தப் புகழுரையைப் படித்த இளைய ஆய்வு மாணவி ஒருவர் அதே காலணியை வாங்கினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்த ஓட்டமொன்றின் இறக்கத்தில் அவருடைய கணுக்கால் புரண்டு லிகமென்ட் கிழிந்தது. காலணிதான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஒற்றை நிகழ்வைக் கொண்டு காரணத்தை நிறுவ இயலாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே தர்க்கம் என் புகழுரைக்கும் பொருந்துமல்லவா? ஒற்றைக் காலைக் கொண்டு நற்சான்று வழங்க எனக்கு என்ன தகுதி இருந்தது?

நம் வளாகங்களில் ஓட்டம் பரவியிருக்கிறது, மகிழ்ச்சி. சிக்கமகளூருவின் காபித் தோட்டங்களுக்கிடையே நடக்கும் மல்நாட் அல்ட்ராவுக்குப் பெயர் கொடுப்போர் நம்மிடையேயும் இருக்கின்றனர். கூடவே காலணி மதிப்புரைகளும் பெருகியுள்ளன. மாதிரி அளவு, ஒப்பீட்டுக் குழு, நிதியுதவி பற்றிய அறிவிப்பு ஆகியவை இல்லாத ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் கிழித்துத் தொங்கவிடும் நாம், 'மேகத்தின் மீது ஓடுவதுபோல் இருந்தது' என்ற ஒரே வரியை நம்பிப் பணத்தை எடுத்து நீட்டுகிறோம். எந்தப் பாதம், எந்தத் தரை, எத்தனையாவது கிலோமீட்டர் என்ற மூன்றையும் சொல்லாத காலணிச் சோதனை விளம்பரமே. எழுதியவர் காசு வாங்காமல் எழுதியிருந்தாலும் அது விளம்பரமே.

முதலில் தரை. தடிமனான நுரை அடித்தளம் பாதத்தைத் தரையிலிருந்து உயர்த்துகிறது. சமதளத்தில் அதனால் கேடில்லை. சாய்ந்த கல்லின் மேல் கால் விழும்போதோ நுரை ஒருபக்கமாக அமுங்கும். பாதம் உயரத்தில் நிற்பதால் கணுக்காலைப் புரட்டும் விசையின் நெம்புகரமும் நீளும். காலடியில் இருப்பது கல்லா வேரா என்று உள்ளங்கால் அறிவதும் மங்கும். அடித்தளத்தை அகலப்படுத்தி இதனை ஓரளவு ஈடுசெய்யலாம். எந்த அளவுக்கு என்பதைச் சாய்தளத்தில் ஓடித்தான் அறிய முடியும். பள்ளுருத்தியின் தார்ச்சாலையில் இக்கேள்விகளுள் ஒன்றுகூட எழுவதில்லை. எழாத கேள்விக்கு விடை கண்டதாக நான் எழுதினேன்.

அடுத்து, எத்தனையாவது கிலோமீட்டர். நுரை மூப்படையும் பொருள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அது முதல் நாளில் அமுங்கி எழுந்ததுபோல் எழுவதில்லை. பாதமும் மாறுகிறது, பல மணி நேர ஓட்டத்தில் அது வீங்குகிறது, தொடைத்தசை தளர்கிறது, நடையின் ஒழுங்கு குலைகிறது. காலையில் ஒரு மணி நேரம் சுகமாக இருந்தது என்பது பன்னிரண்டாவது மணி நேரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இனி முறையான ஆய்வுகளுக்கு வருவோம். மென்மை வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சான்று அப்படிச் சொல்லவும் இல்லை. லக்சம்பர்க்கில் லோரன் மலிசூ குழுவினர் 848 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் தோற்றத்தில் ஒன்றுபோலிருந்து மென்மையில் மட்டும் வேறுபட்ட இருவகைக் காலணிகளைக் குலுக்கல் முறையில் கொடுத்து, ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தனர். 2020இல் வெளியான முடிவின்படி, கடினக் காலணி அணிந்தோருக்குக் காயமுறும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மெத்தைக்கு இது வெற்றிதான். ஆனால் உடல் எடைவாரியாகப் பிரித்தபோது அந்தப் பாதுகாப்பு எடை குறைந்தோரிடமே தெளிவாகத் தெரிந்தது. 'எடை கூடியவருக்குத்தான் மெத்தை வேண்டும்' என்னும் கடைக்காரர் வாக்குக்கு நேரெதிர் முடிவு இது.

2018இல் பின்லாந்தின் குல்மலா குழுவினர், மிகத் தடிமனான மெத்தை கொண்ட காலணியில் வேகமாக ஓடும்போது தரைமோதலின் தாக்கம் வழக்கமான காலணியில் இருப்பதைவிடக் கூடியதையே கண்டனர். அடியில் மென்மை கூடியபோது கால் தன் விறைப்பைக் கூட்டிக்கொண்டது என்பது அவர்களின் விளக்கம். நுரை அமுங்கும் அளவை மட்டும் எந்திரத்தில் அளந்தால் போதாது, மனிதக் காலும் அதற்கு மறுமொழி தருகிறது என்பதே இதன் பாடம். அதே காலத்தில் கொலராடோவில் நடந்த ஆய்வு, நைக்கின் புதிய காலணி ஓட்டத்தின் ஆற்றல் செலவைச் சராசரியாக 4 விழுக்காடு குறைப்பதாகக் காட்டியது. ஓடியவர்கள் தேர்ந்த ஆண் ஓட்டக்காரர்கள் 18 பேர். ஓடிய தரை டிரெட்மில். நிதி தந்தது நைக். இவை எதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இந்தியாவிலும் சமூக ஊடகப் பரிந்துரையாளர்கள் நிறுவனத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமென்று விளம்பரத் தர மன்றம் 2021இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. நம் மதிப்புரைகளில் எத்தனையில் அந்த ஒரு வரி இருக்கிறது?

கடைசியாக, இக்கேள்விகளுள் முதன்மையானது: எந்தப் பாதம்? சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது அதன் முடிவு. 'பா' என்னும் இந்திய அளவுமுறை அதிலிருந்தே முன்மொழியப்பட்டது. செய்யாறில் தமிழகப் பெண்கள் உலகச் சந்தைக்கு விளையாட்டுக் காலணி தைக்கிறார்கள். அந்தக் காலணிக்கு வடிவம் தரும் லாஸ்ட் என்னும் கால் அச்சோ அவர்களுடைய பாதத்தை அளந்து செய்ததன்று. அகலம் போதாததால் ஒரு எண் பெரிதாக வாங்குகிறோம், நீளம் மிஞ்சுகிறது, இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி நகம் கறுக்கிறது. இதைக் காலணியின் குறை என்று எழுதாமல், 'பழகிக்கொள்ள வேண்டும்' என்று பாதத்துக்கு அறிவுரை எழுதுகிறோம்.

இங்கே வெறுங்கால் ஆர்வலர்கள் கைதட்டக்கூடும். அவர்களுக்கும் ஒரு சொல். 1960இல் ரோமில் வெறுங்காலுடன் மாரத்தான் வென்ற அபேபே பிகிலாவை ஓயாமல் சான்று காட்டுவோர், 1964இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து, இன்னும் விரைவாக ஓடி வென்றதைச் சொல்வதில்லை. மேலும் வெறுங்கால் என்பது நம் மண்ணில் எல்லோருக்கும் தேர்வாக இருந்ததில்லை. திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் தலித் மக்கள் ஆதிக்கச் சாதித் தெருவில் செருப்பணிந்து நடந்து பழைய தடையை உடைத்தது 2023 டிசம்பரில்தான். அந்த வரலாற்றை அறியாமல் வெறுங்காலை 'இயற்கை' என்று கொண்டாடுவது, நுரையை 'அறிவியல்' என்று கொண்டாடுவதைவிடக் குறைந்த அறியாமையன்று.

'பொழுதுபோக்குக்கு இவ்வளவு முறையியலா?' என்று கேட்பீர்கள். நெட் தகுதியில்லாத முனைவர் பட்ட மாணவருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். நாம் பரிந்துரைக்கும் ஒரு ஜோடி அவருக்கு ஏறத்தாழ இரண்டு மாதத் தொகை. அவர் நம்மை நம்புவது நம் ஓட்டத் திறமைக்காக அன்று; ஆய்வாளர் அளந்து பேசுவார் என்று எண்ணுவதால். அந்த நம்பிக்கையைச் செலவழித்துத்தான் நாம் மதிப்புரை எழுதுகிறோம்.

எனவே கேட்பது எளியது. காலணி பற்றி எழுதும் எவரும் ஐந்து செய்திகளைச் சேர்க்கட்டும்: தம் எடையும் பாதத்தின் அகலமும், ஓடிய தரையும் சரிவும், மொத்தக் கிலோமீட்டரும் மிக நீண்ட ஒற்றை ஓட்டமும், எந்தப் பழைய காலணியோடு ஒப்பிட்டார் என்பது, காலணியை விலை கொடுத்து வாங்கினாரா இல்லையா என்பது. இதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு குறிப்பேடும் ஓர் அளவுநாடாவும் போதும்.

என் பழைய பதிவை நான் நீக்கவில்லை. அதன் தலைப்பின் கீழே ஒரு திருத்தம் சேர்த்திருக்கிறேன்: 'கடல்மட்டத்தில், தார்ச்சாலையில், ஒரே ஓர் ஆணின் பாதத்தில், 200 கி.மீ.; மலைக்குப் பொருந்தாது.' முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய வரி அது. மறுப்புடையோர் தரவோடு வருக, விவாதிப்போம்.