அவையோடு பதிந்த இசை

இசை காற்றிற் பிறந்து காற்றிலேயே மறைவது. சிற்பி செதுக்கிய சிலை நிற்கும். புலவன் எழுதிய பாட்டு ஏட்டில் நிற்கும். பாணன் எழுப்பிய பண்ணோ எழுந்த கணத்திலேயே மாயும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலரங்கின் அளவையும், யாழாசிரியன், குழலோன், தண்ணுமையாசிரியன் முதலியோர் இயல்பையும் விரிவாகக் கூறுகின்றது. எனினும் அந்த யாழ் எவ்வாறு ஒலித்தது என்பதைச் செவியால் அறிந்தார் இன்று எவருமிலர். விபுலானந்த அடிகளார் பல்லாண்டு உழைத்து 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்டது, மறைந்த அவ்வொலியைத் தேடியேயாகும்.

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை இயற்றினார். அதன் வழியில் தோன்றிய கிராமபோன் தட்டு, இசையைச் சிற்றூர்த் திண்ணைக்கும் கொணர்ந்தது. ஆயின், நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். ஒரு மணி நேரம் விரித்துப் பாடவல்லார் தம் கலையை அச்சிமிழுக்குள் அடக்க நேர்ந்தது. அன்றியும், பாடகர் எதிரில் இருந்தது கருவியேயன்றி அவையன்று. தலையசைப்பார் இல்லை, தாளம் போடுவார் இல்லை, பாட்டு மட்டும் இருந்தது.

காவிரிக்கரைக் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாளும், அவர்தம் கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவும் நாடகமேடையில் பெற்ற புகழ் பெரிது. கிட்டப்பா 1933ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார். அவர் குரல் தட்டுகளில் இன்றும் ஒலிக்கின்றது. ஆனால் கொட்டகை நிறைந்த மக்கள் நடுவே, ஒருவர்க்கொருவர் விடுத்த பாட்டும் எதிர்ப்பாட்டுமாக இரவை வளர்த்த அக்களிப்பைத் தட்டில் தேடினால் கிடையாது. ஒலிநாடா இந்நாட்டிற் பரவ மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவ்விழப்பு ஈடுசெய்ய இயலாதது.

ஒலிநாடா வந்தபின் நிலைமை மாறிற்று. கச்சேரி முழுவதையும் நடந்தவாறே பதிய வழி பிறந்தது. 1968ஆம் ஆண்டில் மறைந்த மதுரை மணி ஐயரின் கச்சேரிகளை அன்பர்கள் பதிந்து வைத்த நாடாக்களாலேயே, அவரை நேரிற் காணாத தலைமுறையும் அவர் பாட்டில் தோய்கின்றது. இத்தகைய பதிவுகளில் இருமலும் கேட்கும். குழந்தையின் அழுகையும் கேட்கும். ‘இவை குற்றமல்லவா?’ என்பர் சிலர். கூடத்து மூடிய அறையிற் பலமுறை பாடித் திருத்திய பதிவு தூயதே, அதனை மறுப்பாரிலர். எனினும் அவையோர் ‘ஆகா’ என்றவுடன் பாடகர் குரலில் ஊக்கம் மிகுவதும், மிருதங்கக்காரர் அதனை உணர்ந்து விரைவதும் அங்கு எவ்வாறு வாய்க்கும்?

இது கருநாடக இசைக்கு மட்டும் உரியதன்று. 1971 ஆகஸ்டு முதல் நாள் நியூயார்க்கில், வங்கதேசத்து அகதிகளுக்கு உதவும் பொருட்டு ஒரு பெருங்கச்சேரி நிகழ்ந்தது. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் தம் கருவிகளுக்குச் சுருதி சேர்த்தனர். அதனையே இசையென்று எண்ணிய கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு இனித்ததெனின் வாசிப்பு மேலும் இனிக்கும் என்று ரவிசங்கர் நகைச்சுவையாகக் கூறினார். இந்நிகழ்ச்சியும் இசைத்தட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. அதனை நீக்காமல் விட்டவர் நல்லறிவினர்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதன் அருமை இன்னும் தெளிவாகும். கோயில் விழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் எதிரே அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையே சுட்டி நகையாடுவான்; கூட்டம் கொல்லென்று சிரிக்கும். கூட்டமின்றி அவனைப் பேசச் சொன்னால் அவன் யாரைச் சுட்டுவான்? கொங்கு நாட்டார் உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையும் அத்தகையதே. கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் 1965ஆம் ஆண்டில் கொங்குச் சிற்றூரொன்றில் அக்கதையைப் பாணர் பாடியவாறே நாடாவிற் பதிந்தார். 1992ஆம் ஆண்டில் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதனை நூலாக வெளியிட்டது. நூலிற் கதை உண்டு. உடுக்கையின் அதிர்வு நாடாவில் உண்டு.

பதிவினால் தீங்கே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. திருமணப் பந்தலில் நாதசுரக் கலைஞரை அழையாது, ஒலிபெருக்கியில் நாதசுரப் பதிவை முழக்கிச் செலவை மிச்சப்படுத்துவோர் உளர். வாசிப்பவருக்குப் பிழைப்பு இல்லையேல், நாளை எதனைப் பதிவது? குறை கருவியினுடையதன்று; அதனை ஆளுக்கு மாற்றாக வைப்பவருடையது.

நாமக்கல்லிலிருந்து வடநாடு செல்லும் லாரி ஓட்டுநர் நள்ளிரவில் தம்மூர்க் கூத்தின் பதிவைக் கேட்டுச் செல்லும்பொழுது, இடையே நாய் குரைப்பதும் தமக்குத் தெரிந்த ஒருவரின் சிரிப்பும் செவிப்படும். அவ்வொலியை அவர் வெட்டி எறிய ஒருப்படுவாரா? வீட்டுப் பரண்களில் இன்றும் இத்தகைய நாடாக்கள் கிடக்கின்றன. வெப்பத்தால் அவை முறுகும். ஈரத்தாற் பூஞ்சை பற்றும். மேற்பூச்சு உதிர்ந்தபின் எக்கருவியும் அவற்றைப் பாடுவிக்க மாட்டாது. கணினியிற் படியெடுத்துக்கொள்ள ஆகும் நேரம், பெரும்பாலும் அந்நாடாவை ஒருமுறை கேட்கும் நேரமேயாகும்.