அயல்மீனுக்குக் கண்ணாடி மாளிகை, ஊர்மீனுக்குப் பெயருமில்லை!

பாண்டியர் தம் கொடியில் கயலைப் பொறித்தனர். மதுரையில் கோயில் கொண்ட அன்னையை அங்கயற்கண்ணி என்று அழைத்து மகிழ்ந்தனர் தமிழர். 'மீன்' என்னும் தமிழ்ச் சொல்லையே வடமொழி கடன்கொண்டு 'மீனம்' ஆக்கிக் கொண்டது. சிந்துவெளி முத்திரைகளில் காணும் மீன் குறியை, மீனையும் விண்மீனையும் ஒருங்கே குறிக்கும் 'மீன்' என்னும் சொல்லாகவே படிக்க வேண்டும் என்று ஈராசு அடிகளாரும், அவருக்குப் பின் பின்லாந்து நாட்டறிஞர் அசுக்கோ பர்ப்போலாவும் எழுதினர். இத்தகைய நெடுமரபில் வந்த தமிழன் வீட்டுக் கூடத்தில் இன்று நீந்துவது எது? சீனத்துப் பொன்மீன்! தென்னமெரிக்கக் கப்பி! சயாம் நாட்டுச் சண்டை மீன்! அவன் ஊர் ஏரியின் மீன் ஒன்றேனும் அத்தொட்டியில் உண்டா? இல்லை. இல்லை என்பதோடு முடியவில்லை. அவ்வூர் மீனின் பெயரைக்கூட அவன் பிள்ளை அறியான்.

செஞ்சி மலைகளை அடுத்து அமைந்த அவலூர்பேட்டையை எடுத்துக்கொள்க. அது வானத்தையும் ஏரியையும் நம்பி வாழும் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தோடும்போது, வாய்க்கால் நீரை எதிர்த்து ஏறிவரும் உயிர்கள் எத்தனை! கெண்டை, கெளுத்தி, அயிரை, ஆரல், உளுவை, குறவை, விரால், தேளி, பனையேறி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்குள்ளும் உழவரும் வலைஞரும் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த அறிவு. மணலில் புதைந்து மறையும் அயிரையையும், தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரியும் விராலையும், சேற்றுநீரிலும் மேலெழுந்து காற்றை உண்டு வாழும் தேளியையும் அறிந்தவர் அவ்வூர்க் கிழவர். அவர் பேரனோ, கடையில் வாங்கிய அயல்மீனின் ஆங்கிலப் பெயரைப் பிழையின்றிச் சொல்கிறான்; வாய்க்காலில் துள்ளுவதைச் சுட்டிக் கேட்டால் 'ஏதோ ஒரு மீன்' என்கிறான். ஒரு மொழி எங்கே சாகிறது என்று தேடுவோர் நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. அந்த வாய்க்கால் கரையிலேயே அது செத்துக் கொண்டிருக்கிறது!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பார் உளர். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது என்பதற்கு மீன்நூல் வரலாறே சான்று.

தரங்கம்பாடியில் வாழ்ந்த சமயத் தொண்டர் கிறித்தோபர் சாமுவேல் யோவான், தமிழ்நாட்டு மீன்களைத் திரட்டிப் பெர்லின் நகர மருத்துவர் மார்க்கசு எலீசர் பிளோக்குக்கு அனுப்பினார். விராலும் குறவையும் 1793ஆம் ஆண்டில் பிளோக்கின் கையாலேயே அறிவியல் பெயர் பெற்றன. தேனியக் குழும்பின் படை அலுவலர் தால்தார்பு, அதே தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறிக் கொண்டிருந்த மீனொன்றைப் பிடித்ததாக 1797ஆம் ஆண்டில் இலண்டனில் எழுதி வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட இலத்தீன் பெயரின் பொருள் 'ஏறுவது' என்பதே. பனையேறி என்று தமிழன் வைத்த பெயரின் நிழலே அது! அம்மீன் உண்மையில் பனை ஏறுமா என்று பின்வந்த அறிஞர் ஐயுற்றனர். ஆயினும் செவுள்மூடியை ஊன்றித் தரையில் ஊர்ந்து குளம்விட்டுக் குளம் செல்வதை எவரும் மறுத்திலர். சென்னைப் படை மருத்துவராயிருந்த பிரான்சிசு தே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில், தாம் கேட்டறிந்த தமிழ்ப் பெயர்களையும் தொகுத்து வைத்தார். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய அதே 1916ஆம் ஆண்டில், சுந்தரராசு என்னும் அறிஞர் சென்னைப் பகுதியின் நன்னீர் மீன்களைப் பற்றி விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில்! அவ்வறிவு தமிழில் வந்து தமிழ்ப் பிள்ளையின் பாடநூலில் ஏறியதா? ஏறவில்லை.

பிறர் என் செய்தனர்? 1822ஆம் ஆண்டில் கங்கை மீன்களைப் பற்றி நூல் எழுதிய ஆமில்தன், வங்காளியர் வழங்கிய 'புண்டி' என்னும் பெயரிலிருந்து 'புந்தியசு' என்னும் பேரினப் பெயரைப் படைத்தார். வங்கச் சொல்லொன்றிலிருந்தே 'தேனியோ' என்பதையும் படைத்தார். 2012ஆம் ஆண்டில் இலங்கை அறிஞர் உரோகன் பெத்தியகொடையும் அவர் துணைவரும் சிறு கெண்டைகளுக்குப் புதுப் பேரினங்கள் வகுத்தபோது, சிங்களர் சிறுமீனை அழைக்கும் 'பெத்தியா' என்னும் சொல்லை உலக அறிவியலில் நிலைநிறுத்தினர். அதே கட்டுரையில் தென்னாட்டு ஆறுகளின் அழகிய கெண்டைகள் சிலவற்றுக்கு ஆங்கில அறிஞர் தாக்கின்சின் பெயர் சூட்டப்பட்டது. அவற்றுள் ஒன்று தமிழ்நாட்டின் பொருநை ஆற்றுக்கே உரியது. அதன் சிறப்பினப் பெயரில் அந்த ஆறு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் 'பொருநை' என்றன்று, 'தாம்பிரபரணி' என்றே! பேரினம் ஆங்கிலேயனுக்கு, சிறப்பினம் வடமொழிக்கு. நீரும் மீனும் மட்டும் தமிழனுக்கு!

சிங்களரைக் குறைகூறிப் பயனில்லை. தம் சொல்லை நேசித்தவர் அதை உலகில் ஏற்றினர், நேசியாதவர் இழந்தனர். செஞ்சிக் கோட்டைக்கு நேர்ந்ததும் இதுவே. மராட்டியர் அதை ஆண்டது 1677 முதல் 1698 வரை ஏறத்தாழ 21 ஆண்டுகளே. ஆயினும் 2025ஆம் ஆண்டில் அக்கோட்டை உலக மரபுப் பட்டியலில் ஏறியபோது, மராட்டியர் படைத்துறை நிலப்பரப்புகளுள் ஒன்றாகவே ஏறியது. கோட்டைக்குப் பெயர் பிறர் வைக்கின்றனர். கோட்டையடியில் உள்ள குளத்து மீனுக்கும் பிறரே வைக்கின்றனர்!

இனி, ஊர்மீனை வளர்க்கச் சொன்னால் எழும் மறுப்புகளைக் காண்போர் அவற்றின் உள்ளீடின்மையை உணர்வர்.

'ஊர்மீன் குழம்புக்கு, அயல்மீன் அழகுக்கு' என்பது முதல் மறுப்பு. இது கண்ணின் குறையன்று. அடிமை மனத்தின் குறை. தன் தோலின் நிறத்தை வெறுக்கக் கற்றவன் தன் ஏரி மீனின் நிறத்தையும் வெறுப்பான். மழைக்காலத்தில் இனம்பெருக்கும் ஆண் கெண்டையின் விலாவில் ஏறும் செம்மையை அவன் குனிந்து பார்த்ததில்லை. வெள்ளையன் பார்த்தான். கங்கை நாட்டுச் சிறுமீன்களைக் கொண்டுபோய்ப் பெருக்கி, வரிக்குதிரையின் பெயரிட்டு உலகெங்கும் விற்றான். அம்மீன் இன்று சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் ஆங்கிலப் பெயரோடு வந்து நிற்க, தமிழன் அதை அயல்மீன் என்றெண்ணிக் காசு கொடுத்து வாங்குகிறான்!

'இயற்கை நீரில் திரியும் மீனைப் பிடித்துச் சிறையிடுவது கொடுமை' என்பது இரண்டாவது மறுப்பு. இதைச் சொல்பவர் மேசைமேல், உருண்டைக் குடுவையில், சுற்றிவர இடமின்றிப் பொன்மீன் மூச்சுத் திணறுகிறது! ஆயினும் இம்மறுப்பில் பாதி உண்மை உண்டு. அதை மறைத்தல் தமிழனுக்கு அழகன்று. பிடிப்பதற்கு அளவும் இடமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் செங்கணியானின் கதை அதற்குச் சான்று. 1865ஆம் ஆண்டில் அதை விளக்கிய பிரான்சிசு தே, அன்று சென்னையை ஆண்ட ஆளுநர் தெனிசனின் பெயரை அதற்கு இட்டார். வணிகரோ 'மிசு கேரளா' என்று பெயர் மாற்றிக் கப்பலேற்றினர். 2005 முதல் 2012 வரை, அழிவை எதிர்நோக்கும் 30 நன்னீர் இனங்களைச் சேர்ந்த 15 இலக்கத்துக்கு மேற்பட்ட மீன்கள் இந்தியாவிலிருந்து அயல்நாட்டுத் தொட்டிகளுக்கு அனுப்பப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிட்டனர். அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்று செங்கணியான் இனம். இது மீன் வளர்ப்பன்று, ஆற்றைக் கொள்ளையிடுதல். மலையோடையில் மட்டும் வாழும் அரிய மீனைத் தொடுதல் கூடாது. தொட்டவனிடம் வாங்குதலும் கூடாது.

ஆனால் அவலூர்பேட்டை ஏரியின் கெண்டையும் அயிரையும் அத்தகையன அல்ல. பங்குனி, சித்திரையில் ஏரி வற்றி, குட்டைகளாய்ச் சுருங்கி, நாரையும் கொக்கும் தின்று எஞ்சியவை சேற்றில் மாயும் காலத்தில், குத்தகைக்காரரின் இசைவு பெற்று ஒரு பிள்ளை ஐந்தாறு சிறுமீன்களைக் கொண்டுவந்து காத்தால் ஏரிக்கு இழப்பில்லை. பிள்ளைக்கோ ஒரு பள்ளி கிடைக்கிறது.

வளர்ப்பதும் அரிதன்று. வெந்நீர்க் கருவி வேண்டா. சித்திரை வெயிலைத் தாங்கிய மீன் அது. குழாய்நீரில் கலந்த பாசிக மருந்து நீங்க, ஒருநாள் திறந்து வைத்த நீரே போதும். புதிதாய் வந்த மீனைப் பழைய மீனோடு உடனே சேர்க்காமல் இரண்டு மூன்று கிழமை தனியே வைத்துப் பார்க்க வேண்டும். காட்டுநீர் மீன் ஒட்டுண்ணியோடு வரும். அடியில் மணல் இட்டால் அயிரை மகிழும். கெண்டையைத் தனியே வைக்காமல் கூட்டமாக வைக்க வேண்டும். குறவையும் பனையேறியும் துள்ளி வெளியேறும். ஆதலின் மூடி தேவை. மூடிக்கும் நீருக்கும் இடையே காற்றும் தேவை. கடைத்தீனியைத் தொடாத மீன் மண்புழுவையும் கொசுப்புழுவையும் விரும்பி உண்ணும். விராலை மட்டும் தொட்டிக்குக் கொண்டுவருதல் ஆகாது. அது முழநீளத்துக்கும் மேல் வளரும் உயிர்.

எல்லாவற்றினும் கொடிய குற்றம் வேறொன்று உண்டு. சலித்துப்போன அயல்மீனைக் 'கொல்ல மனமில்லை' என்று ஏரியில் கொட்டுவதே அது! கொசுவை ஒழிக்கவென்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பியும் கம்பூசியாவும் இறக்கப்பட்டன. கொசுப்புழுவை உண்ணும் ஊர்ச் சிறுமீன்கள் இருந்தும் ஆள்வோர் கண்ணில் அவை படவில்லை. 1952ஆம் ஆண்டில் வந்த சிலேபி, இன்று ஏரிதோறும் ஊர்க்கெண்டையின் இடத்தைக் கவர்ந்து நிற்கிறது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி மறைவில் வளர்க்கப்பட்டு வெள்ளத்தில் தப்புகிறது. தொட்டியைத் துப்புரவு செய்யும் என்று கடைக்காரர் விற்கும் தென்னமெரிக்க முட்கவச மீன், தமிழக நீர்நிலைகளில் பெருகி வலைஞரின் வலையைக் கிழிக்கிறது. மொழிக்குள் புகுந்த வேண்டாச் சொல் எப்படித் தாய்ச்சொல்லைத் தின்கிறதோ, அப்படியே ஏரிக்குள் புகுந்த வேண்டா மீன் ஊர்மீனைத் தின்கிறது. ஊர்மீனை வளர்ப்பவனால் இத்தீங்கு நேராது. தான் எடுத்த நீரிலேயே, நோயற்றிருந்தால், அவன் அதைத் திரும்ப விடலாம்.

தொட்டியோடு கடமை முடிந்துவிடாது. ஏரி தூர்ந்தால், மதகு உடைந்தால், வாய்க்கால் சாக்கடையானால், கண்ணாடிக்குள் இருக்கும் ஐந்து அயிரைகள் ஓர் இனத்தின் கல்லறைக் கல்லாகவே நிற்கும். குத்தகைக்காக வடநாட்டுக் கட்லாவையும் ரோகுவையும் மட்டுமே இட்டுப் பெருக்கும் ஏரியில், ஊர்மீனுக்கும் ஒரு பங்கு விட ஊராட்சி முன்வர வேண்டும். அதைக் கேட்கும் வாய் யாருக்கு வரும்? தன் வீட்டுத் தொட்டியில் அயிரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கே வரும். பெயர் அறியாததை எவனும் காக்கமாட்டான்.

ஆகவே, ஒவ்வொரு தமிழாசிரியரும் தம் பள்ளியில் ஒரு தொட்டி வைக்கட்டும். அதில் ஊர் ஏரியின் மீன் நீந்தட்டும். கண்ணாடியின்மேல் அதன் தமிழ்ப் பெயர் எழுதப்படட்டும். பெயர் தெரியாவிட்டால், ஊர்க் கிழவரையும் வலைஞரையும் வகுப்புக்கு அழைத்து, ஆசிரியரும் மாணவரும் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். அவர்கள் உள்ளபோதே கேட்க வேண்டும். அவர்களோடு அச்சொற்களும் எரிந்தபின் எந்த அகரமுதலியும் அவற்றை மீட்டுத் தராது.

கொடியில் கயலைப் பறக்கவிட்ட இனம், குடத்தில் அயலை வளர்த்து மகிழ்வது போதும். ஏரி தமிழனுடையது, மீன் தமிழனுடையது, பெயரும் தமிழாகவே இருக்கட்டும்!